வேகாத பருப்பும் வெள்ளி நைட்ரேட்டும்

நம்மில் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியாது. இருப்பவர்களிடம் ஹைட்ரஜன் சல்பைடு என்று சொன்னால் போதும், நாற்பது வருடம் கழித்தும் மூக்கைச் சுளிப்பீர்கள். ஆய்வகத்தின் ஓரத்தில், ஒன்றின் தலையில் ஒன்றாக மூன்று கண்ணாடிக் குண்டுகளை அடுக்கியது போல ஒரு சாதனம் நிற்கும். கிப்ஸ் உபகரணம் என்று பெயர். அதன் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வராந்தா முழுக்கப் பரவி, தலைமையாசிரியர் அறைவரை போகும். நம் தாவணியில் அந்த வாடை ஏறிவிட்டால் இரண்டு முறை துவைத்தாலும் இறங்காது. செய்முறை வகுப்பு இருந்த வியாழக்கிழமைகளில் ஆவடியில் நான் மாலை ரயில் ஏறினால், பெட்டியில் என்னைச் சுற்றி இடம் தானாகக் காலியாகும். பட்டாபிராம் வரை ராணி மாதிரி உட்கார்ந்து போவேன்.

உப்புப் பகுப்பாய்வு என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் வெள்ளைத் தூள் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீரில் கரைத்து, சோதனைக்குழாய்களில் ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெள்ளி நைட்ரேட்டை விட்டதும் தயிர் உடைந்தது போல வெள்ளையாக ஏதாவது படிந்தால் அந்தக் கரைசலில் குளோரைடு இருக்கிறது. இப்படி உலோகத்துக்கு ஒரு வரிசை, மற்றதற்கு ஒரு வரிசை. ரெகார்டு நோட்டில் மூன்று பத்திகள்: சோதனை, காண்பது, அறிவது. எனக்கு அந்த மூன்றாவது பத்தி மீது பெரிய பக்தி இருந்தது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை உறுதியாக எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்பது அந்த வயதுக்குச் சாதாரண விஷயமா?

அந்த வருடம் அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையிலிருந்து திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். பிளஸ் டூவின் நடுவில் பள்ளி மாற்றக் கூடாது என்று என்னை மட்டும் பட்டாபிராமில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தை அப்பாவின் அக்கா. மாமாவும் அதே தொழிற்சாலைதான், இன்ஸ்பெக்ஷன் பிரிவு. செய்த உதிரிபாகம் அளவில் ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுத் தள்ளிவிடுவது அவர் வேலை. இருபது வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, அந்த வருடம்தான் பட்டாபிராமில் சொந்த வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். சுற்றிலும் பாதி கட்டிய வீடுகள், செங்கல் அடுக்குகள், முள்செடி.

மாமாவுக்கு வீட்டைவிட அதன் முற்றத்தில் போட்ட போர்வெல் மீதுதான் பெருமை. நீரோட்டம் பார்க்க, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பவரைக் கூட்டி வந்து, தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் போட்ட போர். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் கைப்பம்பை அடித்து ஒரு செம்பு தண்ணீர் தருவார். "கற்கண்டு மாதிரி இருக்கும், குடியுங்க" என்பார். வந்தவர்களும் குடித்துவிட்டு, ஆமாம் என்பார்கள். புது வீட்டுக்காரரிடம் வேறு என்ன சொல்வது? எனக்கு முதல் வாரம் நாக்கில் ஏதோ கனமாக இருந்தது. இரண்டாவது வாரம் மறந்துவிட்டது.

வீடு குடிபுகுந்த அதே மாதம்தான் அத்தை மகன் அத்தானுக்குக் கல்யாணமும் ஆனது. பெண் மாயவரம் பக்கம். நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அத்தைக்கு முட்டி வலி, அதனால் அக்கா வந்த மறுநாளே அடுப்படியை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றையிலிருந்து ஆரம்பித்தது வினை.

பருப்பு வேகவில்லை. காலையில் ஸ்டவ்வில் ஏற்றினால் மண்ணெண்ணெய் தீர்கிறதே தவிர பருப்பு கரையவில்லை. சாம்பாரில் பருப்பு ஒருபக்கம், தண்ணீர் ஒருபக்கம் நிற்கும். குக்கர் வெடிக்கும் என்று அத்தை அதை வீட்டுக்குள் விடவில்லை. சோறு லேசாக மஞ்சளடித்தது. துவைத்த சட்டைகள் விறைப்பாக, பழுப்பு நிறத்தில் வந்தன. சோப்பு நுரைக்கவே இல்லை.

"இருபது வருசம் இதே கையால பொங்கிப் போட்டேன். ஒருநாள் பருப்பு வேகலைன்னு யாராவது சொன்னதுண்டா?" என்று அத்தை நாற்காலியிலிருந்து கேட்பாள். "இவ வந்தா, வீட்ல ஒண்ணும் வேகமாட்டேங்கு. என்ன கைராசியோ."

அக்கா பதில் சொல்ல மாட்டாள். முந்தின இரவே பருப்பை ஊறப்போட்டுப் பார்த்தாள். எண்ணெய் விட்டுப் பார்த்தாள். மத்தை வைத்துக் கடைந்து கடைந்து உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். மாமா பருப்பு பற்றி எதுவும் பேச மாட்டார், நிறைய மோர் ஊற்றிக்கொள்வார்.

இந்த வயதில் யோசித்தால் அத்தையை முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. குவார்ட்டர்ஸ் குழாயடியில் பத்துப் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள், யாரையும் தெரியாத ஒரு முள்காட்டில், வலிக்கிற முட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. புது வீட்டின் மேல் இறக்க முடியாது, அது மாமாவின் வாழ்நாள் உழைப்பு. புதுப் பெண் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாள்.

தை பிறந்து சில நாட்களில் அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு இன்லேண்டு கடிதத்தைக் கையில் கொடுத்தாள். அவளுக்கு எழுத வராது.

"ஏட்டி, எழுது. சம்பந்தி அண்ணாச்சிக்கு. உங்க மகளுக்கு ஒரு பருப்பு வேகவைக்கக்கூட வக்கில்லை. நீங்க வந்து கூட்டிட்டுப் போய், ஒழுங்கா சமைக்கப் பழக்கிட்டு, பொறவு கொண்டுவந்து விடுங்க."

எனக்குப் பேனா நகரவில்லை. அக்கா பம்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை சொன்னதை அப்படியே எழுதாமல், 'தங்கள் மகளுக்கு இவ்விடத்துச் சமையல் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை, தாங்கள் வந்து சில நாள் அழைத்துப் போனால் நல்லது' என்று எழுதினேன். அத்தை படித்துக் காட்டச் சொன்னபோது அவள் சொன்ன வார்த்தைகளையே ஒப்பித்தேன். மறுநாள் காலை ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த தபால் பெட்டியில் நானேதான் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் அன்று முழுக்கக் காதில் இருந்தது.

அந்த வியாழக்கிழமை மாதிரிச் செய்முறைத் தேர்வு. எனக்குப் பக்கத்து மேசை என் தோழி. அண்ணனூரிலிருந்து வருவாள், அங்கேயே தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். ரயில் பெட்டிகளை நிறுத்தும் கார் ஷெட் வந்தபோது நிலத்தில் பாதி போய்விட்டது என்று சொல்வாள். மாடுகள் மட்டும் குறையவில்லை. வகுப்பில் மற்றவர்கள் மனப்பாடம் செய்வதை அவள் கேள்வி கேட்டே தெரிந்துகொள்வாள்.

அன்று காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்த பெரிய கண்ணாடிக் கூஜா என் முறைக்கு முன்னால் காலியாகிவிட்டது. கடைசியில் பிடித்தவள் தோழி. புதிதாகக் கொண்டுவரும்வரை நிற்க வேண்டும் என்றார்கள். எனக்கோ அவசரம். பையிலிருந்து வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, உப்பை அதில் கரைத்துவிட்டேன். தண்ணீர் தண்ணீர்தானே.

வெள்ளி நைட்ரேட் விட்டேன். பளிச்சென்று தயிர் மாதிரி வெள்ளை. குளோரைடு. அம்மோனியம் கார்பனேட் விட்டுச் சூடுபண்ணினேன். அதிலும் வெள்ளை. கடைசியில் அம்மோனியம் ஆக்சலேட், மறுபடி வெள்ளை. கால்சியம். அரை மணி நேரத்தில் 'கால்சியம் குளோரைடு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, வகுப்பிலேயே முதல் ஆளாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

வேதியியல் டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்குக் கொடுத்தது மெக்னீசியம் நைட்ரேட். ரெண்டும் தப்பு."

"இல்லை டீச்சர், தயிர் மாதிரி வந்தது. நான் பார்த்தேன்."

"எல்லாருக்கும் சரியா வருது, உனக்கு மட்டும் வேற வருதா? போய் ரெகார்டை முடி."

பின்வரிசையில் சிரித்தார்கள். காது சுட்டது. தோழிக்கும் அதே பொட்டலம், அதே உப்பு. அவள் மெக்னீசியம் நைட்ரேட் என்று சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் சந்தோஷப்படாமல் என் சோதனைக்குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே உப்புதானே குட்தாங்க. எனக்கு வராதது உனக்கு எப்டி வந்துச்சு? இன்னா தண்ணில கரைச்ச?"

பாட்டிலைக் காட்டினேன். அவள் ஒரு காலிக் குழாயில் என் பாட்டில் தண்ணீரை மட்டும் ஊற்றினாள். உப்பே போடவில்லை. வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள். தயிர். இன்னொரு குழாயில் தண்ணீர், ஆக்சலேட். வெண்மை இறங்கிக் கீழே படிந்தது.

"நீ உப்ப டெஸ்ட் பண்லடி. உங்க ஊட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணிகினு இருந்த," என்றாள். அப்புறம் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுருக்கினாள். "இத்தக் குடிச்சுகினா கீறீங்க? எங்க கொல்லையாண்ட ஒரு கெணறு கீது, இதே ருசி. அந்தத் தண்ணில பருப்பு போட்டா சாயங்காலம் வரைக்கும் அடுப்புலயே குந்திகினு இருக்கும். எங்கம்மா அத்த மாட்டுக்குத்தான் ஊத்தும்."



வெட்கமான விஷயம் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கடின நீர் என்று புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. கால்சியம் உப்புகள் கரைந்த நீர், அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு எளிதில் வேகாது என்று அதில் அச்சடித்தே இருந்தது. அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவள். அதை மனப்பாடம் செய்த இரவுகளில் வேகாத பருப்பை மென்றுகொண்டே மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் இருவரும் டீச்சரிடம் போனோம். பருப்பு, அக்கா, கடிதம் எல்லாவற்றையும் நான் அழுகையும் பேச்சுமாகச் சொன்னேன். டீச்சர் மதிப்பெண்ணை மாற்றவில்லை. "காய்ச்சி வடித்த தண்ணியில கரைக்கணும்னு பத்து தடவை சொல்லியிருக்கேன். தப்பு தப்புதான்," என்றார். ஆனால் அலமாரியைத் திறந்து, பழுப்பு நிறக் குப்பி ஒன்றில் கொஞ்சம் வெள்ளி நைட்ரேட்டும், இன்னொன்றில் ஆக்சலேட்டும், ஆறு சோதனைக்குழாய்களும் கொடுத்தார். வெள்ளி நைட்ரேட்டை வகுப்பில் சொட்டு எண்ணி விடச் சொல்லும் பெண்மணி. "கையில படாம பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவரைக் கருமி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை அன்றோடு விட்டோம்.

சனிக்கிழமை மதியம் தோழி என்னோடு பட்டாபிராம் வந்தாள். சாப்பாட்டுக்குப் பின் மாமா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அத்தை நாற்காலியில். அத்தான் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். மூன்று சோதனைக்குழாய்களை டம்ளர்களில் நிறுத்தி வைத்தேன். ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் ஆவடிப் பள்ளிக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் காய்ச்சி வடித்தது. அடுப்படி வாசலில் அக்கா நின்றாள்.

போர்த் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டதும் வெள்ளை புகை மாதிரி சுழன்று கட்டியாக இறங்கியது.

"பாலை ஊத்திக் கொண்டாந்திருக்காளுவ," என்றாள் அத்தை. சொன்னதோடு நிற்காமல் எட்டிக் குழாயை எடுத்து, சுட்டுவிரலால் அதன் வாயை அடைத்துக் குலுக்கி, விரலை மோந்து பார்த்தாள். தோழி தடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அத்தை, இது நம்ம தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு. இதனாலதான் பருப்பு வேகலை. அக்கா மேல தப்பு இல்லை."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என்னை மகள் மாதிரி வைத்திருந்தவர். அவர் போரைத்தான் நான் எல்லார் முன்னாலும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதே மருந்தை மத்த ரெண்டுலயும் விடு," என்றார்.

விட்டேன். காய்ச்சி வடித்தது கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது. பள்ளித் தண்ணீர் லேசாகக் கலங்கியது.

"மூணுலயும் தண்ணி ஒரே அளவா?"

"கிட்டத்தட்ட, மாமா."

"கிட்டத்தட்டன்னா? கொட்டிட்டு மறுபடி செய்."

இரண்டாவது முறை அவரே முற்றத்துக்குப் போனார். பம்பை நிறைய நேரம் அடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து வந்தார். குழாய்களில் பேனாவால் கோடு போட்டு, கோடு வரை அவரே ஊற்றினார். சொட்டுகளை அவரே எண்ணி விட்டார். அப்புறம் மீதி மூன்று குழாய்களிலும் அதே தண்ணீரை ஊற்றி ஆக்சலேட். மூன்று மூன்றாகக் குழாய்களைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை இரும்புத் துண்டுகளை அப்படிப் பார்த்திருப்பாரோ.

"ரிஜெக்ட்," என்றார்.

அத்தை, "என்ன சொல்லுதீக?" என்றாள்.

"நம்ம போர் ரிஜெக்டுங்கேன். பருப்புக்கு ஆகாது. அந்தப் பிள்ளைய இனி ஒண்ணும் சொல்லாதே."

சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். இரண்டு பிளாஸ்டிக் கேன்களைச் சைக்கிளின் இருபுறமும் கட்டிக்கொண்டு ஆவடிப் பக்கம் மிதித்தார். திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அத்தை எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், இரண்டு ஸ்டவ் ஏற்றி, இரண்டு பாத்திரங்களில் ஒரே அளவு பருப்பைப் போட்டாள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் போர்த் தண்ணீர். இரண்டையும் தன் கையாலேயே வைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கேன் தண்ணீர்ப் பருப்பை எடுத்து விரலில் நசுக்கினாள். வெண்ணெய். மற்றதை நசுக்கினாள். நழுவி ஓடியது. மறுபடி நசுக்கினாள். இரண்டு ஸ்டவ்வையும் அணைத்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் அக்காவைத் தேடிப் பின்கட்டுக்கு ஓடினேன். துணிக்கொடி அடியில் நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

"அப்போ அப்பா வரமாட்டாங்களா?" என்றாள்.

"ஏன்க்கா?"

"அத்தை சொன்னதும் பொட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டேன். பதினஞ்சு நாள் அம்மா வீட்ல இருக்கலாம்னு இருந்தேன்."

காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தவளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்து, கண் காணாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை செய்தி தெருவுக்குப் பரவிவிட்டது. தோழியை அன்றும் வரச் சொல்லியிருந்தேன். பாதி கட்டிய வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் செம்பும் குடமுமாக வந்துவிட்டார்கள். அதில் பாதிப் பேரை அத்தை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறாள். தோழி எங்கள் முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வைத்தியர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யக்கா, உன் ஊட்டுத் தண்ணி தேவலாம், மோராட்டம்தான் கீது. இந்தாண்ட வூட்டுக்காரம்மாது கெட்டித் தயிரு."

தயிர் என்று பெயர் வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். ஒருத்தி கோவில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, சாமி தண்ணீர் எப்படிக் கெடும் என்று சண்டைக்கு வந்தாள். வெள்ளி நைட்ரேட் தீர்ந்துபோனதால் சாமி தப்பித்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் அத்தை காபி போட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டில் அத்தனை பேச்சுச் சத்தத்தை நான் கேட்டது அன்றுதான்.

அன்று மதியமே அக்காவின் அப்பா வந்து சேர்ந்தார். கடிதம் கிடைத்ததும் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. வெள்ளை வேட்டி கசங்கி, கையில் ஒரு வாழைத்தாரோடு, தப்பு செய்தவர் மாதிரி வாசலிலேயே நின்றார். மகளைப் பார்த்தார், மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா வழக்கம்போல் பம்பு பக்கம் செம்போடு இரண்டடி வைத்து, நினைவு வந்து திரும்பி, கேன் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சம்பந்தியம்மா மன்னிக்கணும்," என்று அவர் ஆரம்பித்தார். "ரொம்பச் செல்லமா வளத்துட்டோம். அவ அம்மா அடுப்பு பக்கமே விட்டதில்லை. நான் கூட்டிட்டுப் போய்ப் பழக்கி..."

"முதல்ல கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க அண்ணாச்சி," என்றாள் அத்தை.

இலை போட்டாள். தானே பரிமாறினாள். அக்கா வைத்த பருப்பு, மேலே நெய். அவர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பருப்பு நல்லாத்தானே இருக்கு."

"உங்க மக வெச்சதுதான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்கவும் தைரியமில்லை. அத்தை சோறு வைக்கக் குனிந்தபோது அவள் சுட்டுவிரலைப் பார்த்தார். வெள்ளி நைட்ரேட் பட்ட இடம். வெயில் பட்டதும் கறுத்துவிடும், சோப்பு போட்டாலும் போகாது. நுனி முழுக்கக் கரிய மை.

"கையில என்னங்க மை? இந்தப் பக்கம் தேர்தலா?" என்று, பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்.

அத்தை விரலைத் திருப்பிப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா அண்ணாச்சி. நேத்து இந்த வீட்ல தேர்தல். நான் உங்க மகளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்," என்றாள். குரல் இறங்கி, "முன்னாலயே போட்டிருக்கணும். தண்ணி சரியில்லாததுக்குப் பிள்ளைய வஞ்சுட்டேன்," என்றாள்.

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் சோற்றைப் பிசைந்தார். மாமா தொண்டையைச் செருமிவிட்டு, தேங்காய்க்காரரைத் திட்ட ஆரம்பித்தார். அடுப்படிக்குள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவானேன் என்று அத்தையே அக்காவைப் பதினைந்து நாள் அனுப்பிவைத்தாள். கட்டிய பெட்டி வீணாகவில்லை. மறுநாள் ரயில் நிலையத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவள் அப்பா டிக்கெட் எடுக்கப் போனபோது, ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான். போட்டதும் நான்தான்."

"தெரியும். அப்பா காட்டினாங்க," என்றாள். "அத்தை வாயில அந்த மாதிரி மரியாதையான தமிழ் வராதே. பழக்கத்துக்கு வரவில்லைன்னு நீயா எழுதியிருக்கே. அதைப் படிச்சிட்டுத்தான் எங்கம்மா அழாம இருந்தாங்களாம்." என் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளியது வலித்தது. கொஞ்சம் கோபமும் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன், இருந்ததில் நியாயமும் உண்டு.

பொதுத்தேர்வுச் செய்முறையில் எனக்கு என்ன உப்பு வந்தது என்பது மறந்துவிட்டது. சரியாக எழுதினேன், அது ஞாபகம் இருக்கிறது. தோழி பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் படித்து, ஒரு மருத்துவமனையில் முப்பது வருடம் சோதனைக்குழாய்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றாள். மாமா அந்தக் கைப்பம்பை எடுக்கவில்லை. வீடு கழுவவும் தென்னைக்கு ஊற்றவும் அது ஓடியது. சமையலுக்குத் தினம் இரண்டு கேன், அவருடைய சைக்கிளில்.

அக்கா பதினாறாம் நாள் திரும்பி வந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அன்று இரவு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். வத்தக்குழம்பு. மாமா ஒரு வாய் எடுத்ததும் கண்ணை மூடினார். அத்தான் தண்ணீருக்குக் கை நீட்டினார். வாயில் வைக்க முடியாத உப்பு.

அத்தைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "என்னட்டி இது, தண்ணி நல்ல தண்ணிதானே? இப்ப எதைக் குத்தம் சொல்லப் போறே?"

நான் தலையைக் குனிந்தேன். இதோ மறுபடி ஆரம்பம் என்று நினைத்தேன். அக்கா கையிலிருந்த அப்பளத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வீட்டுக்கு வந்த இத்தனை மாதத்தில் முதன்முதலாக அத்தையை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நான் போட்டு இறக்கி வெச்சேன் அத்தை. நான் குளிக்கப் போனப்போ நீங்க வந்து இன்னொரு கை போட்டீங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன்."

அத்தை மாமாவைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள், நான் சாட்சிக்கு ஏதாவது சோதனைக்குழாயை எடுத்துவிடுவேனோ என்பது போல.

"சரி, சரி. போட்டேன்," என்றாள். "மோரைக் கொண்டாட்டி."

அக்கா மோர்ச் சட்டியை எடுக்க உள்ளே போனாள். அவள் சிரிப்பதை முதுகே காட்டிக்கொடுத்தது.